ஒரு மணிப் பூசை வைக்கும் சாமிமார்களுக்கு

தோத்திரம் சாமி.

தமிழ்நாட்டு மறைமாவட்டங்களிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்பானிஷ் பூசை வைக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நேரில் சொல்லிப் பார்த்தேன். சாமியார் முன்னால் போய் நின்றதும் வாய் தானாக "சுகமா இருக்கீங்களா சாமி, சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறது. வளர்ப்பு அப்படி. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நான் மணப்பாட்டுக்காரி. டெக்சாஸுக்கு வந்து 18 வருஷம் ஆகிறது, டயாலிசிஸ் நர்ஸ். எனக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவர்கள் என் நோயாளிகள். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், கையில் ஊசியோடு ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசாமல் வேறென்ன செய்வார்கள்? மருமகள் சண்டை, ஊரில் விட்டுவந்த மாடு, மிளகாய் விலை என்று அவர்கள் பேசப் பேச என் காதில் மொழி இறங்கியது. வாய்க்கு வர இன்னும் இரண்டு வருஷம் ஆனது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

எங்கள் பங்கில் நான் ஒரு மணிப் பூசைக்குப் போகிறவள். நற்கருணை கொடுக்க உதவும்போது ஒரு நாள் பீடத்தில் கிடந்த தாளைப் பார்த்துவிட்டேன். புதிதாக வந்திருந்த நம்மூர் சாமி, ஸ்பானிஷ் வரிகளுக்கு மேலே நீலப் பேனாவில் தமிழில் எழுதி வைத்திருந்தார். "எல் செஞ்ஞோர் எஸ்தே கோன் உஸ்தேதெஸ்." ஆண்டவர் உங்களோடு இருப்பாராக. மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. 'ஞ்ஞோ'வுக்கு அடியில் இரண்டு கோடு. எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் கண் கலங்கியது. ஐம்பதை நெருங்குகிற மனுஷன், ராத்திரி உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார். அந்தத் தாளுக்காகவே உங்கள் எல்லாருக்கும் பெரிய கும்பிடு.

அந்தத் தாளோடு நின்றுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பூசையை வாசித்துவிடலாம் சாமி. தமிழ் நாக்குக்கு ஸ்பானிஷ் அவ்வளவு முரண்டு பிடிக்காது. அமெரிக்கச் சாமியார்கள் திணறுகிற 'ஞ' நமக்குத் தாய்ப்பால். ஸ்பானிஷில் 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் 'நாய்'. ரகரமும் றகரமும் படித்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பாடமா? மேசையை அவர்களும் 'மேசா' என்கிறார்கள். அலமாரி அவர்களுக்கு 'ஆர்மாரியோ'. நம்மூரில் பாதிரி என்ற சொல்லே போர்ச்சுகீசியர் வாயிலிருந்து வந்த 'பாத்ரே'தான். ஆனால் ஒன்று, ஜெராக்ஸ் தாளை நம்பாதீர்கள். 'ஆஞ்ஞோ' என்றால் வருஷம். 'ன்'-க்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன வளைவு நகலில் விழாமல் போய், புத்தாண்டுப் பூசையில் ஒருவர் 'ஆனோ' என்று மூன்று தடவை வாழ்த்தினார். அர்த்தத்தை நான் எழுத மாட்டேன். பீடப்பிள்ளைகள் இரண்டு பேர் எழுந்து வெளியே ஓடினார்கள்.

அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்தது அப்படியில்லை.

தவக்காலத்தில் ஒரு பெண் தன் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். எல் சல்வதோர்க்காரி, ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. உள்ளே நடந்ததை அவளே வாகனம் நிறுத்துமிடத்தில் வைத்து என்னிடம் சொன்னாள். சாமியார் யாரும் சொல்லவில்லை. "மி எஸ்போசோ மெ பேகா" என்று சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரன் என்னை அடிக்கிறான். சாமி காதில் 'பேகா' விழவில்லை, 'பாகா' விழுந்திருக்கிறது. பாகா என்றால் பணம் கொடுக்கிறான். முகமெல்லாம் மலர்ச்சியாக "கிராசியாஸ் அ தியோஸ்" என்றாராம். தேவனுக்கு நன்றி. அவள் இதை எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை.

அந்தச் சாமி நல்லவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவருக்கு யாரும் காது கொடுத்து அனுப்பவில்லை. வாயை மட்டும் பழக்கி அனுப்பிவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று திருச்சபைச் சட்டம் 990 அனுமதிக்கிறது. அவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். சட்டம் சரிதான். ஆனால் அவள் பங்கில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் யார்? அவள் மைத்துனர் மகள், கடைக்காரர் மனைவி, நான். இதில் யாரை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு அவள் புருஷனைப் பற்றிப் பேசுவாள்?

உங்களுக்குத் தெரியாத கதையைச் சொல்லப் போவதில்லை. வீரமாமுனிவரை இழுக்க மாட்டேன், அவர் மேதை, நமக்கு உதவாது. எங்கள் ஊர்க் குகையில் தங்கியிருந்த சவேரியாரைப் பாருங்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். நவார் நாட்டுக்காரர், தாய்மொழி பாஸ்க். இவர்கள் மொழி மலபார், என் மொழி பாஸ்க், எப்படிப் புரிந்துகொள்வோம் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். (தமிழை அன்று மலபார் என்பார்கள்.) தமிழ் தெரிந்தவர்களை உட்காரவைத்து மந்திரங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். உங்கள் நீலப் பேனாத் தாளுக்கு முப்பாட்டன் அந்த மனப்பாடம்தான். 1544-இல் தன்னோடு பணியாற்றிய மான்சிலாஸுக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்புகிறார்: விசுவாச மந்திரத்தில் 'வேணும்' என்று சொல்லாதே, அதற்குப் பதில் விசுவாசத்தைக் குறிக்கிற சொல்லைச் சொல். அதாவது எங்கள் முன்னோர் அதுவரை கடவுளை 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லவில்லை, 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

(இந்த இடத்தில் என் ஸ்பானிஷ் தோழிகள் ஒன்று சொல்வார்கள். அவர்கள் மொழியில் 'கியேரோ' என்றால் வேண்டும் என்றும் அர்த்தம், நேசிக்கிறேன் என்றும் அர்த்தம். அவர்களைக் கேட்டால் மணப்பாட்டார் சொன்னதில் தப்பே இல்லை.)

சவேரியார் தமிழைச் சரியாகக் கற்கவே இல்லை. அவருக்குப் பின்னால் வந்த ஹென்ரிக்ஸ், நம்மவர்கள் அண்டிரிக் அடிகளார் என்பார்களே, அவர் கற்றார். 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகத்தை அச்சிட்டார், அதோடு விடவில்லை. 1580 வாக்கில் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே ஒரு தமிழ்ப் புத்தகம் போட்டார். எது அவசரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். பூசை லத்தீனில் நடக்கலாம். பாவத்தைத் தமிழில்தான் கேட்க முடியும்.

பூசைப் புத்தகத்தை மட்டும் வைத்து மொழி கற்றால் இன்னொரு கோளாறும் வரும். அதில் கடவுளை 'தூ' என்றுதான் அழைக்கிறார்கள், நம் 'நீ' போல. மக்களை மொத்தமாக 'உஸ்தேதெஸ்', நீங்கள். ஒரே ஒரு பெரியவரை மரியாதையாகக் கூப்பிடுகிற 'உஸ்தே' அந்தப் புத்தகத்தில் தேடினாலும் அகப்படாது. அதனால்தான் உங்களில் சிலர் 80 வயது ஆச்சியை வாசலில் நிறுத்தி, கடவுளைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறீர்கள். "நீ எப்படி இருக்கே?" ஆச்சி ஒன்றும் சொல்ல மாட்டாள். சாமியாயிற்றே. வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்வாள், மகள் என்னிடம் சொல்வாள். நம்மூரில் வெள்ளைக்காரச் சாமியார் வந்து நம் பாட்டியை 'நீ வா, நீ போ' என்றால் எப்படி இருக்கும்? பாட்டி மன்னித்துவிடுவாள், பேரன்கள் மறக்க மாட்டார்கள்.

எல்லாரும் மெக்சிகோக்காரர்கள் என்று நினைப்பதையும் விட்டுவிடுங்கள். உங்களை "ஹிந்தி பேசுகிறவரா" என்று கேட்டால் எப்படிச் சுருக்கென்கிறது? அதே சுருக்குத்தான் அவர்களுக்கும். ஹோண்டுராஸ்காரர்களுக்கு பிப்ரவரி 3 சுயாப்பா மாதா. பெருவிலிருந்து வந்தவர்கள் அக்டோபர் மாதம் ஊதா உடுத்துவார்கள். கியூபாக்காரர்களின் கோப்ரே மாதாவுக்குத் திருநாள் செப்டம்பர் 8, அன்றைக்குத்தான் வேளாங்கண்ணியிலும் திருநாள். அவர்கள் மாதாவும் கடலில் படகில் தத்தளித்தவர்களுக்குக் கிடைத்தவள்தான். குவாத்தமாலாவிலிருந்து வந்திருக்கிற மாயா மக்கள் இருக்கிறார்களே, பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் பலருக்கு வீட்டு மொழி கிச்சே, மாம் இப்படி ஏதாவது ஒன்று. ஸ்பானிஷ் அவர்களுக்கும் இரண்டாம் மொழி. என் நோயாளி ஒரு கிச்சே தாத்தா, புதுச் சாமியைப் பற்றிச் சொன்னார்: "இவர் பேசறதுதான் எனக்கு நல்லாப் புரியுது. என்னை மாதிரியே மெதுவாப் பேசறார்." நீங்கள் வெட்கப்படுகிற அந்த மெதுவான ஸ்பானிஷ் சிலருக்கு வரம் சாமி.

இப்போது டிசம்பர் 12-க்கு வருகிறேன். மனத்தாங்கல் என்று ஒன்று எனக்கு உண்டென்றால் அது இதுதான்.

குவாதலூப்பே மாதா திருநாள். விடிய ஐந்து மணிக்கு மஞ்ஞானீத்தாஸ், மாதாவைப் பாட்டுப் பாடி எழுப்புகிற சடங்கு. நாலரைக்கே கோயில் நிறைந்துவிடும். மரியாச்சி வாத்தியக்காரர்கள் குளிரில் எக்காளத்தை ஊதி ஊதிச் சூடாக்குவார்கள். இறகுக் கிரீடமும் காலில் கொத்துக் கொத்தாகச் சலங்கையுமாக ஆட்டக்காரர்கள் வருவார்கள். பையன்களுக்கு, மாதா காட்சி கொடுத்த ஏழை ஹுவான் தியேகோவின் வேஷம், மூன்று வயசுக் குழந்தைக்கு மையால் மீசை. சோளமாவு போட்டுக் காய்ச்சிய சாக்லேட் கஞ்சி, அதன் பெயர் சம்புராதோ. சோளத் தோகையில் பொதிந்து அவித்த தமாலே. நம் இலைக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் சிமெண்டுக் கறை ஏறிய பூட்ஸோடு வந்து, ரோஜாவை வைத்து, முழந்தாளிட்டு, ஆறு மணிக்கு ஓடுவார்கள்.

ஒரு வருஷம் நம்மூர் சாமி அன்று காலை வரவில்லை. சாயங்காலம் ஏழு மணிப் பூசைக்கு வந்தார். கேட்டதற்கு, "அது பக்தி முயற்சிதானம்மா, திருவழிபாடு இல்லை" என்றார். சாமி, உங்கள் மீது உள்ள மரியாதையில் கேட்கிறேன்: ஆகஸ்ட் 5 தூத்துக்குடியில் பனிமய மாதா திருநாளன்று பங்குச்சாமி தூங்கப் போனால் ஊர் என்ன சொல்லும்? சப்பரம் திருவழிபாட்டுப் புத்தகத்தில் இருக்கிறதா? கொடியேற்றத்துக்கும் அசன விருந்துக்கும் எந்தச் சட்ட எண்?

அந்தக் கதையையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 1531 டிசம்பர், மெக்சிகோவின் தெபெயாக் குன்று. ஸ்பானியர்கள் நாட்டைப் பிடித்துப் பத்து வருஷம்தான் ஆகியிருக்கிறது. மாதா அங்கே பேசியது ஸ்பானிஷ் இல்லை, அந்த மண்ணின் நாவாட்ல் மொழி. 1649-இல் அச்சான நாவாட்ல் நூலில் அவள் அந்த ஏழையை "ஹுவான்ட்ஸின், ஹுவான் தியேகோட்ஸின்" என்கிறாள். அந்த 'ட்ஸின்' மரியாதையும் கொஞ்சலும் ஒன்றாகக் கலந்த விகுதி. ஸ்பானிஷில் அது கொஞ்சலாக மட்டும் நின்றுவிட்டது, ஹுவானித்தோ என்று. ஆங்கிலத்துக்கு வழியே இல்லை. நமக்கு இருக்கிறது. பெற்ற பிள்ளையை "வாங்கய்யா, சாப்பிடுங்கய்யா" என்று கூப்பிடுகிற நம் பக்கத்துத் தாய்க்கு அந்த 'ட்ஸின்' நாக்கு நுனியில் இருக்கிறது. இதை எந்த அமெரிக்கச் சாமியாராலும் பிரசங்கத்தில் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லலாம். அன்று காலை நாலரைக்கு எழுந்தால்.

இந்த மாதிரி ஒற்றுமைகள் நிறைய இருக்கின்றன, அதுவே ஒரு பொறியும்கூட. நவம்பர் 2 நம் கல்லறைத் திருநாள்; அவர்களும் இறந்தவர்களுக்குப் படத்துக்கு முன் பிடித்த சாப்பாட்டை வைத்து, செண்டுமல்லியால் அலங்கரிப்பார்கள். நாம் ஊர்ப் பூ என்று நினைக்கிற செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்ததுதான், மிளகாயும் அப்படியே. ஆனால் 15 வயசுப் பெண்ணுக்குச் செய்கிற கின்சஞ்ஞேராவைப் பார்த்துவிட்டு "ஓ, நம்மூர் சடங்கு" என்று ஒருவர் பிரசங்கத்தில் விளக்கம் கொடுத்தார். பூப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை சாமி. அது வயசுக்குச் செய்வது, ஞானஸ்நான வாக்கைப் பெண் தானே புதுப்பிக்கிற நாள். அந்தப் பெண் முகம் சிவந்துபோனதைப் பார்த்திருந்தால் நீங்களே வருத்தப்பட்டிருப்பீர்கள். தெரிந்த மாதிரி இருக்கிற இடத்தில்தான் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு மொழிப் பூசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி ஸ்பானிஷ், பிரசங்கம் இரண்டு தடவை. எல்லாரும் பாதி நேரம் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பெரிய வியாழன், பாஸ்கா இரவு போன்ற நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசகம் ஒரு மொழியில் போகட்டும், மற்றவர்களுக்குத் தாளில் கொடுங்கள். பாட்டு மாறி மாறி வரட்டும். மற்றபடி இரண்டு கூட்டத்தையும் சேர்க்கிற இடம் பீடம் என்று நான் நினைக்கவில்லை, சமையல்கட்டுதான். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். எங்கள் பங்கில் பல வருஷம் அது ஆங்கிலப் பூசைக்காரர்களிடம் மட்டும் இருந்தது.

ஏசியும் அப்படித்தான். காலைப் பூசைகளுக்குத் தகுந்தபடி டைமர் வைத்திருந்தார்கள், பன்னிரண்டரைக்கு அணைந்துவிடும். ஒரு மணிப் பூசைக்குத்தான் கூட்டம் அதிகம். டெக்சாஸ் ஆகஸ்டில், கைக்குழந்தைகளோடு, மூன்று கோடைகாலம் வெந்தார்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டவர்களுக்கு ஆங்கிலம் போதவில்லை. நான் போய்க் கேட்டேன், ஐந்து நிமிஷத்தில் சரியாயிற்று. எனக்கு அன்று சந்தோஷம் வரவில்லை.

இது புதுப் பழக்கம் இல்லை. நியூயார்க்கில் 1950-களில் புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்குப் பல கோயில்களில் நிலவறையில்தான் பூசை நடந்தது. டெக்சாஸ் மண்ணில் அத்தனை தலைமுறை மெக்சிகன் கத்தோலிக்கர்கள் இருந்தும், அவர்களில் ஒருவர் அமெரிக்காவில் ஆயராவதற்கு 1970 வரை ஆயிற்று. அவர்தான் பத்ரீசியோ புளோரஸ். அதே காலத்தில் எதிர்ப்பக்கமாக நடந்தவர்களும் உண்டு. நம் படிப்பாளிகளுக்குப் பள்ளிக்கூடத்தை எதிர்த்தவராகத் தெரிந்த இவான் இல்லிச், 1951-இல் நியூயார்க்கில் ஒரு பங்கில் உதவிச் சாமியார். வியன்னாக்காரர். புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் ஸ்பானிஷை அவர்களோடு இருந்தே கற்றார். பிறகு அந்தத் தீவிலேயே சாமியார்களுக்கு மொழிப் பயிற்சி நடத்தினார். ஒரு மொழியின் ஓசைகளைவிட அதன் மௌனங்களைக் கற்பதுதான் கடினம் என்பது அவர் சொன்னது. அந்த எல் சல்வதோர்ப் பெண் 'பேகா' என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருப்பாள், அல்லவா?

இந்த இடத்தில் ஊரிலிருக்கிற ஆயர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கத்தோலிக்கர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பின்னணி உள்ளவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் ஆங்கிலத் தேர்வைக் கேட்கிறீர்கள். சாமியார் விமானம் ஏறிய மூன்றாம் வாரம் ஸ்பானிஷ் பூசை அவர் தலையில் விழுகிறது. சான் அந்தோணியோவில் 1972-இல் விர்ஜீலியோ எலிசோந்தோ முதலானோர் தொடங்கிய மையம் இன்று மெக்சிகன் அமெரிக்கன் கத்தோலிக்கக் கல்லூரியாக இருக்கிறது. மொழியையும் மக்களையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற இடம். ஆறு மாதம் அங்கே விட்டுவிட்டு அப்புறம் பங்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். அழைக்கிற மறைமாவட்டம் செலவைப் பார்க்கட்டும். ஆள் வேண்டியது அவர்களுக்குத்தானே.

கடைசியாக, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்க வேண்டியது ஒன்று. ஒரு வருஷமாகவே ஒரு மணிப் பூசையில் இடம் காலியாகிறது. கோயில், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்வதைத் தவிர்க்கச் சொன்ன பழைய வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் அரசாங்கம் விலக்கிக்கொண்டது. அந்த ஜூலையில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்தினோ ஆயர், பயந்து வர முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக் கடமையிலிருந்து விலக்குக் கொடுத்தார். உங்களுக்கும் பயம் இருக்கும் என்று தெரியும். உங்கள் பாஸ்போர்ட்டிலும் ஐந்து வருஷத்தில் முடிகிற, மதப் பணியாளர்களுக்கான ஆர்-1 விசாதான் ஒட்டியிருக்கிறது. தெருவில் இறங்கிக் கொடி பிடியுங்கள் என்று கேட்கவில்லை. வராதவர்கள் வீட்டுக்கு நற்கருணை எடுத்துக்கொண்டு போங்கள். கதவைத் தட்டிவிட்டு "சோய் எல் பாத்ரே" என்று உரக்கச் சொல்லுங்கள், நான்தான் சாமி வந்திருக்கிறேன் என்று. இல்லையென்றால் திறக்க மாட்டார்கள். உங்கள் உச்சரிப்பு அவர்களுக்குத் தெரியும். இந்த ஊரில் அப்படி ஸ்பானிஷ் பேசுகிற அதிகாரி எவனும் இல்லை.

வரும் டிசம்பர் 12 காலை நாலரைக்குக் கோயில் பின்வாசல் திறந்திருக்கும். முன்வாசலில் ஆட்டக்காரர்கள் நிற்பார்கள், உள்ளே நுழைய முடியாது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள், சம்புராதோவை நான் எடுத்து வைக்கிறேன். சூடாகக் குடிக்க வேண்டும், ஆறினால் கட்டியாகிவிடும்.

இப்படிக்கு,
ஒரு மணிப் பூசையில் இடப்பக்கம் நாலாவது பெஞ்சில் உட்காரும் மணப்பாட்டுக்காரி